ஒரே படம், மாறும் தோற்றம்: முன்பு பார்த்தது இப்போது பார்ப்பதை எப்படி இழுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெக்கர் கனசதுரத்தையோ (முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாறித் தெரியும் கோட்டுப் பெட்டி) வாத்து-முயல் படத்தையோ (வாத்தாகவும் முயலாகவும் தெரியும் தலை) யாரிடம் காட்டினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்: "போன தடவை வேற மாதிரி தெரிஞ்சுதே?" அந்தப் ‘போன தடவை’யைப் பற்றியதுதான் இந்தப் பக்கம்.

இரட்டைத் தோற்றப் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அந்த வகைப் படம். அதே கோடுகள் இரண்டு விதமாகப் பொருள் தரும். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கண்ணில் படும். எழுத்தில் சிலேடை எப்படியோ, கண்ணுக்கு இது அப்படி. ஒரு வேறுபாடு உண்டு. சிலேடையில் இரு பொருளையும் சேர்த்தே ரசிக்கலாம், இங்கே அதற்கு வழியில்லை.

இந்த வகையில் புகழ்பெற்றவை சில. 1832-இல் சுவிஸ் படிகவியலாளர் லூயி ஆல்பர்ட் நெக்கர், படிகங்களின் கோட்டோவியத்தை உற்றுப் பார்க்கையில் முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாறிக்கொள்வதைக் கவனித்து ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டருக்குக் கடிதம் எழுதினார். நெக்கர் கனசதுரத்துக்குப் பெயர் வந்த கதை இது. வாத்து-முயல் 1892-இல் ஒரு ஜெர்மன் நகைச்சுவை இதழில் வந்தது. அதை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் ஜோசப் ஜாஸ்ட்ரோ. டென்மார்க்கின் எட்கர் ரூபின் 1915-இல் ஆராய்ந்த பூச்சாடி-முகங்கள் படமும், அதே ஆண்டில் ஓவியர் ஹில் வரைந்து பரவிய கிழவி-இளம்பெண் படமும் (அதன் மூலம் 1888-இல் வந்த ஒரு ஜெர்மன் அஞ்சலட்டை) இன்றும் பாடப்புத்தகங்களை விட்டுப் போகவில்லை. இணையத்தில் சுற்றும் சுழலும் நடனப்பெண் 2003-இல் நொபுயுகி கயஹாரா என்ற ஜப்பானியர் உருவாக்கியது.

படம் மாறுவதில்லையே, பிறகு நினைவுக்கு இதில் என்ன வேலை?

படம் மாறாததால்தான் நினைவின் வேலை தெளிவாகத் தெரிகிறது. சாதாரணக் காட்சியில் முன்பு பார்த்ததன் தாக்கம் எவ்வளவு, கண்முன் இருப்பதன் தாக்கம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். வெளியே இருக்கும் ஆதாரமே வென்றுவிடும். இரட்டைத் தோற்றப் படத்தில் ஆதாரம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். சமமாக நிற்கும் தராசில் ஒரு துரும்பு விழுந்தாலும் தட்டு சாயும். அந்தத் துரும்பு பெரும்பாலும் நீங்கள் சற்றுமுன் பார்த்ததுதான்.

முதல் பார்வையில் எது தெரியும் என்பதை எது தீர்மானிக்கிறது?

ஒரு பகுதி, பிறவியிலோ நெடுநாள் அனுபவத்திலோ வந்த சாய்வு. நெக்கர் கனசதுரத்தைப் பலரும் முதலில் மேலிருந்து பார்ப்பதாகவே உணர்கிறார்கள். பெட்டிகளையும் மேசைகளையும் நாம் வழக்கமாக மேலிருந்துதானே பார்க்கிறோம்.

இன்னொரு பகுதி, சற்றுமுன் நடந்தது. 1935-இல் ராபர்ட் லீப்பர் செய்த சோதனை எனக்குப் பிடித்த ஒன்று. கிழவி-இளம்பெண் படத்தைச் சற்றே திருத்தி, கிழவி மட்டும் தெரியும் வடிவம் ஒன்றும் இளம்பெண் மட்டும் தெரியும் வடிவம் ஒன்றும் தயாரித்தார். கிழவி வடிவத்தை முதலில் பார்த்தவர்கள் பொதுப்படத்திலும் கிழவியையே கண்டார்கள். மற்றவர்களுக்கு இளம்பெண்ணே தெரிந்தாள். அநேகமாக விதிவிலக்கே இல்லை. ஆனால் படத்தைக் காட்டாமல் வாயால் மட்டும் விவரித்தபோது அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. காதில் விழுந்ததைவிடக் கண்ணில் பட்டதற்கே பிடி அதிகம்.

படம் அதேதான் என்றில்லாவிட்டாலும் விளைவு வருகிறது. 1961-இல் புகெல்ஸ்கியும் அலம்பேயும் சிலருக்கு விலங்குப் படங்களையும் சிலருக்கு முகங்களையும் வரிசையாகக் காட்டினார்கள். பிறகு எலியாகவும் மூக்குக்கண்ணாடி போட்ட வழுக்கைத்தலை மனிதராகவும் தெரியக்கூடிய ஒரு படத்தை நீட்டினார்கள். விலங்குகளைப் பார்த்தவர்கள் எலி என்றார்கள். சூழலும் இதைச் செய்யும். சூரிச் விலங்குக்காட்சிசாலை வாசலில் வாத்து-முயல் படத்தைக் காட்டிக் கேட்டபோது, ஈஸ்டர் ஞாயிறன்று முயல் என்றவர்கள் அக்டோபரைவிட அதிகம். அங்கே ஈஸ்டரும் முயலும் இணைபிரியாதவை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இதே விதியின் பயந்த வடிவம்.

அப்படியானால் முன்பு பார்த்தது எப்போதும் தன் பக்கமே இழுக்குமா?

இல்லை. பலர் தடுமாறும் இடம் இது.

ஒரு தெளிவான வடிவத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு இரட்டைத் தோற்றப் படத்தைக் காட்டினால், அதே தோற்றம் வருகிறது. அதே தெளிவான வடிவத்தை நிமிடக்கணக்கில் உற்றுப் பார்க்க வைத்துவிட்டுக் காட்டினால், எதிர்த் தோற்றம் வருகிறது! ஜெரால்ட் லாங், தாமஸ் டொப்பினோ ஆகியோர் 1992-இல் இதை ஒரே சோதனைத் தொடரில் வைத்துக் காட்டினார்கள். முன்னதற்குப் பெயர் முன்னேற்பாடு, பின்னதற்குப் பெயர் களைப்பு அல்லது தகவமைப்பு. ஒரு தோற்றத்தைத் தாங்கிப்பிடிக்கும் நரம்புத் தொகுதி ஓயாமல் வேலை செய்தால் அதன் பதில் தளர்கிறது, போட்டித் தொகுதி மேலே வருகிறது. வோல்ஃப்காங் கோலர் 1940-களிலேயே ‘திகட்டல்’ என்ற பொருளில் இதைப் பேசினார். அதற்கு அவர் சொன்ன மூளை மின்புல விளக்கம் நிலைக்கவில்லை, திகட்டல் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

ஆக, கடந்த காலம் இரண்டு கயிறுகளால் இழுக்கிறது. ஒன்று ‘அதையே பார்’ என்கிறது. மற்றது ‘அது போதும்’ என்கிறது. எந்தக் கயிறு வெல்லும் என்பது எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டும் மூளையில் ஒரே இடத்தில்தான் நடக்கிறதா?

வெவ்வேறு இடங்களில் நடப்பதாகத்தான் தெரிகிறது. புள்ளிகளைச் சீரான கட்டமாக அடுக்கினால் அவை வரிசைகளாகச் சேர்ந்து தெரியும், எந்தத் திசையில் சேரும் என்பது நிலையில்லாதது. 2005-இல் கெப்ஷ்டைனும் குபோவியும் இத்தகைய புள்ளிக் கட்டங்களை வைத்து இரு விளைவுகளையும் ஆராய்ந்தார்கள். முன்பு நீங்கள் எந்தத் தோற்றத்தைக் கண்டீர்கள் என்பது அதே பக்கம் இழுத்தது. முன்பு காட்டப்பட்ட படத்தில் எந்தத் திசைக்கு ஆதாரம் வலுவாக இருந்தது என்பது எதிர்ப்பக்கம் தள்ளியது. 2014-இல் ஷ்வீட்ஸிக் குழுவினர் இதே போன்ற படங்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் காட்டினார்கள். தகவமைப்பின் தடம் பார்வைப் புறணியின் (பார்வையைக் கையாளும் மூளைப் பகுதி) தொடக்கப் பகுதிகளில் கிடைத்தது. அதே தோற்றத்தில் ஒட்டிக்கொள்ளும் விளைவின் தடம் உயர்நிலைப் பார்வைப் பகுதிகளிலும் நெற்றி, உச்சி மடல்களிலும் பரவியிருந்தது.

இடைவிடாமல் பார்த்தால் தோற்றம் தானாக மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

மிகக் குறைவு. ஒவ்வொரு தோற்றமும் சில நொடிகள் நிற்கும். ஆனால் எத்தனை நொடி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்தக் கால அளவுகளைக் குவித்து வரைந்தால் இடப்பக்கம் செங்குத்தாக ஏறி, வலப்பக்கம் நீண்ட வால் விட்டு இறங்கும் வளைகோடு கிடைக்கும். புள்ளியியலில் காமா பரவல் எனப்படுவதற்கு நெருக்கமானது. வில்லெம் லெவெல்ட், 1960-களில் இரு கண்களுக்கும் வெவ்வேறு படம் காட்டும் சோதனைகளில் இதை விரிவாக அளந்தார். ஒரு தோற்றம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை வைத்து அடுத்தது எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணிக்க முடியாது, தாயக்கட்டை போல ஒவ்வொன்றும் தனி என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள்.

2009-இல் ரேமண்ட் வான் ஈ நீண்ட பதிவுகளை நுணுகிப் பார்த்து, சிறிய ஆனால் உண்மையான தொடர்பு இருப்பதாகக் காட்டினார். களைப்பு ஏறி இறங்கும் வேகத்திலேயே சற்று இரைச்சல் (ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம்) கலந்திருந்தால் இப்படி வரும் என்பது அவர் விளக்கம். தொடர்பு சிறியதுதான். தொடர்ச்சியான பார்வையில் நினைவைத் தேடுவோர் கையில் அதிகம் சிக்காது. நடுவில் இடைவெளி விட்டால்தான் கதை சுவாரசியமாகிறது.

இடைவெளி விட்டால் என்ன ஆகிறது?

உறைந்துவிடுகிறது.

டேவிட் லியோபோல்ட், மெலனி வில்கே, அலெக்சாண்டர் மையர், நிகோஸ் லோகோதெடிஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் ஒரு திருப்பம். திரையில் புள்ளிகள் மட்டும் நகர்கின்றன. அவை சேர்ந்து சுழலும் உருண்டையாகத் தெரிகின்றன. எந்தப் புள்ளி முன்னால், எது பின்னால் என்பதற்குத் தடயமே இல்லாததால், இடமாகவும் சுழலலாம், வலமாகவும் சுழலலாம். தொடர்ந்து பார்த்தால் சில நொடிக்கொருமுறை திசை புரளும். இதையே கொஞ்ச நேரம் காட்டி, சில நொடிகள் வெறுந்திரை வைத்து, மறுபடி காட்டி, இப்படியே போனால் புரள்வது குறைகிறது. நிமிடக்கணக்கில் ஒரே திசையிலேயே நிற்கவும் செய்கிறது.

கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். படம் மறைந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் மூளைக்குப் புதிதாக முடிவெடுக்க வாய்ப்பு வருகிறது. அதாவது மாற வாய்ப்பு கூட வேண்டும். நடப்பது எதிர்மாறு. படம் இல்லாத வேளையிலும் ‘போன தடவை இடப்பக்கம்’ என்ற குறிப்பு எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு நுட்பம். ஒரு பொருளைச் சுற்றி வேறு புள்ளிகள் சுழன்றால், அந்தப் பொருள் திரையில் இருந்தும் சில நொடிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு மாயை உண்டு. படத்தை உண்மையில் எடுக்காமல் இந்த மாயையால் மட்டும் மறையச் செய்தபோதும் தோற்றம் நிலைத்தது. ஆக, படம் இல்லாமல் போக வேண்டியதில்லை, பார்ப்பவர் உணர்விலிருந்து அது மறைந்தாலே போதும்.

இடைவெளியின் நீளம் முக்கியம். அரை நொடிக்கும் குறைவான இடைவெளி விட்டால் தோற்றம் மாறுவது அதிகரிக்கவே செய்கிறது. களைப்பு இன்னும் ஆறாமல் இருக்கும் நேரம் அது. இடைவெளி நீள நீள ஒட்டிக்கொள்ளும் கயிறு வெல்கிறது.

நடுவில் வேறு படம் காட்டினால் அந்தக் குறிப்பு அழிந்துவிடாதா?

எளிதில் அழிவதில்லை. அதே குழு 2003-இல் பல இரட்டைத் தோற்றப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டியது. மூன்று படங்கள் வரை ஒன்றின் இடைவெளியில் இன்னொன்றாக வந்தும், ஒவ்வொன்றும் தன் தோற்றத்தைத் தனியே காத்துக்கொண்டது. ஒரு படத்தில் எப்போதாவது திசை புரண்டால் மற்றதிலும் புரளுமா என்பது அவற்றின் அமைப்பு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நெருங்கிய ஒற்றுமை இருந்தால் இரண்டும் கைகோத்துப் புரண்டன.

போன தடவை பார்த்தது மட்டும்தான் எண்ணப்படுகிறதா?

அப்படித்தான் முதலில் நினைத்தார்கள். யான் பிராஸ்காம்ப் குழுவினர் 2008-இல் கணக்கு அதைவிட நீளமானது என்று காட்டினார்கள். கடைசியாகப் பார்த்த தோற்றத்தின் தாக்கம் சில நொடிகளில் தேய்கிறது. அதற்கடியில், கடந்த ஒரு நிமிடமாவது எந்தத் தோற்றம் அதிக நேரம் ஆட்சி செய்தது என்ற மெதுவான கணக்கு ஒன்று ஓடுகிறது. இரண்டும் முரண்படும்படி செய்தால் அழகான காட்சி கிடைக்கும். வெகுநேரம் இடமாகச் சுழன்ற உருண்டை கடைசி முறை மட்டும் வலமாகப் புரண்டது என்று வையுங்கள். அடுத்து உடனே காட்டினால் வலம். சற்றுத் தாமதித்துக் காட்டினால், பழைய இடப்பக்கச் சுழற்சி திரும்பி வருகிறது. புதிய மை காய்ந்து உதிர்ந்ததும் அடியில் இருந்த பழைய எழுத்து தெரிவது போல.

இது நாம் ‘ஞாபகம்’ என்று சொல்வதுதானா?

எனக்கு அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்தவே தயக்கம். நேற்று யாரைச் சந்தித்தேன் என்பதைக் கேட்டால் சொல்லலாம். இந்தத் தடத்தை அப்படி எடுத்துச் சொல்ல முடியாது. ‘போன தடவை எந்தத் திசை’ என்று நினைவில்லாதவருக்கும் உருண்டை அதே திசையில் சுழலும். படத்தைத் திரையில் வேறு இடத்துக்கு நகர்த்தினால் விளைவு வெகுவாகத் தளர்வதும் கவனிக்க வேண்டியது. தடத்தில் ஒரு பங்காவது விழித்திரையின் குறிப்பிட்ட இடத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. கண்டுணர்ந்த அறிவு அப்படிக் கட்டுண்டு கிடக்காது.

2007-இல் நூஸ்ட் குழுவினர் தந்த கணித மாதிரியில் தனி நினைவுப் பெட்டி எதுவும் இல்லை. எதிரெதிர்த் தொகுதிகளின் போட்டியும், மெதுவாக ஆறும் களைப்பும், அந்தக் களைப்பின் மிச்சம் தொகுதியைச் சற்றே உசுப்பி வைப்பதும் போதுமாக இருந்தன. அதே மிச்சமே குறுகிய இடைவெளியில் மாற்றத்தையும் நீண்ட இடைவெளியில் நிலைப்பையும் தந்தது. உயர்நிலைப் பகுதிகளின் பங்கை அது விளக்கிவிடவில்லை. ஆனாலும் ‘நினைவு’ என்றதும் ஒரு கிடங்கைக் கற்பனை செய்யும் பழக்கத்துக்கு நல்ல மருந்து.

ஒரு படம் படிப்படியாக இன்னொன்றாக மாறினால்?

1967-இல் ஜெரால்ட் ஃபிஷர் வரைந்த வரிசை ஒன்று உண்டு. முதல் படம் ஓர் ஆணின் முகம். கொஞ்சம் கொஞ்சமாகக் கோடுகள் மாறி, கடைசிப் படம் மண்டியிட்டு அமர்ந்த பெண். முகத்திலிருந்து தொடங்கினால் நடுப்படங்களைத் தாண்டியும் முகமே தெரியும். பெண்ணிலிருந்து திரும்பி வந்தால் அதே நடுப்படங்களில் பெண்ணே தெரிவாள். இரும்பைக் காந்தமாக்கித் திரும்பும்போது வேறு பாதையில் வருவதை இயற்பியலில் ‘தயக்கம்’ என்று படித்திருப்பீர்கள். இதுவும் அதுதான்.

பயிற்சியால் ஒரு படத்தை நிரந்தரமாக ஒரு பக்கம் சாய்க்க முடியுமா?

ஓரளவு முடியும். 2006-இல் பென்ஜமின் பாக்கஸ் உள்ளிட்ட குழு சுழலும் நெக்கர் கனசதுரத்தை எடுத்துக்கொண்டது. திரையின் மேற்பகுதியில் வந்தால் ஒரு திசையில், கீழ்ப்பகுதியில் வந்தால் மறுதிசையில் சுழல்வதாகத் தெரியும்படி ஆழத் தடயங்களைச் சேர்த்துப் பழக்கினார்கள். பிறகு தடயங்களை எடுத்துவிட்டார்கள். திரையில் வந்த இடம் மட்டுமே திசையைத் தீர்மானிக்கத் தொடங்கியது! மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாயைப் போன்ற பழக்கம் இது, பார்வையில் நடக்கிறது. மறுநாள் எதிர்ப்பக்கம் பழக்கியும் முதல்நாள் பதிவு லேசில் விட்டுக்கொடுக்கவில்லை.

கண்ணை மூடி, மனதுக்குள் படத்தைப் புரட்டலாமா?

1985-இல் சேம்பர்ஸும் ரைஸ்பெர்க்கும் வாத்து-முயலைச் சிறிது நேரம் காட்டி, மனதில் வைத்து மறுதோற்றத்தைத் தேடச் சொன்னார்கள். ஒருவராலும் முடியவில்லை. மனதில் இருந்ததைத் தாளில் வரையச் சொன்னதும், தாங்கள் வரைந்ததில் மற்றதைக் கண்டுகொண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் தகுந்த குறிப்பு கொடுத்தபோது சிலரால் மனதிலும் புரட்ட முடிந்தது. ஆனாலும் சிரமம்தான். நினைவில் தங்குவது வெறும் கோடுகளாக இருந்திருந்தால் இவ்வளவு சிரமம் இருக்காது. ‘வாத்து’ என்று பெயர் எழுதிய கோடுகளே தங்குகின்றன.

கறுப்பு வெள்ளைத் திட்டுகளில் ஒளிந்திருக்கும் டால்மேஷன் நாயும் இதே வகையா?

இல்லை. அதில் ஒரு விடைதான். தெரியும்வரை திட்டுகள், தெரிந்தபின் நாய். மறுபடி திட்டுகளாகப் பார்க்கவே முடியாது. அங்கே நினைவு ஒரு முறை ஏறிப் பூட்டிக்கொள்கிறது. 2015-இல் இணையத்தை இரண்டாக்கிய நீலம்-கறுப்பா, வெள்ளை-பொன்னிறமா என்ற ஆடைப் படமும் வேறு. அது ஆளுக்கு ஆள் மாறுகிறதே தவிர, ஒரே ஆளுக்கு அடிக்கடி புரள்வதில்லை.

இதைக் குவாண்டம் கணிதத்தால் விளக்குகிறார்களாமே?

ஹரால்ட் அட்மான்ஸ்பாகர், தாமஸ் ஃபில்க், ஹார்ட்மன் ரோமர் ஆகியோர் 2004-இல் ‘நெக்கர்-ஸீனோ’ மாதிரியை முன்வைத்தார்கள். அடிக்கடி அளக்கப்படும் குவாண்டம் அமைப்பு (அணு அளவிலான பொருள்) மாறத் தயங்கும் என்பதே ஸீனோ விளைவு. அதன் சமன்பாட்டை எடுத்து, சுமார் 30 மில்லிநொடி, 300 மில்லிநொடி, 3 நொடி என்ற மூன்று கால அளவுகளை அதில் பொருத்தினார்கள். மூளைக்குள் குவாண்டம் நிகழ்வு நடக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை, கணிதத்தை மட்டும் கடன் வாங்கினார்கள். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எழுதும் கட்டுரைகளை நான் பாதியில் மூடிவிடுவது வழக்கம். என் பார்வையில், களைப்பு, போட்டி, இரைச்சல் மூன்றையும் கொண்ட சாதாரண மாதிரிகள் இதே நினைவு விளைவுகளில் பெரும்பகுதியைத் தருவதால், கடன் வாங்க இன்னும் அவசியம் வரவில்லை.

எனக்குத் தோற்றம் மாறவே இல்லை. கண்ணில் கோளாறா?

இல்லை. இர்வின் ராக், படத்துக்கு இரண்டு தோற்றம் உண்டு என்று சொல்லாமலே காட்டியபோது, கணிசமானோருக்குக் கடைசிவரை மாறவில்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் மாறுவதில்லை. மற்றது இருக்கிறது என்று தெரிந்திருப்பதே பாதி வேலை.

நானே சோதித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. ஒரு தாளில் நெக்கர் கனசதுரம் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியை விட்டுக் கண்ணை நகர்த்தக் கூடாது. கண் ஓடினால் தோற்றமும் ஓடும், பிறகு எதை அளக்கிறோம் என்பதே தெரியாது. முதலில் ஒரு நிமிடம் விடாமல் பார்த்து, புரளும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். சிறிது ஓய்வுக்குப் பின், ஒரு நொடி திறந்து மூன்று நொடி கண்ணை மூடி, அப்படியே இருபது முறை செய்து, திறந்தவுடன் தெரிந்ததை மட்டும் ‘மேல்’ அல்லது ‘கீழ்’ (மேலிருந்து பார்ப்பது போலா, கீழிருந்தா) என்று எழுதுங்கள். கண்ணை மூடியிருக்கும்போது கனசதுரத்தை மனதில் ஓட்டக் கூடாது. வேண்டுமானால் எண்களை எண்ணிக்கொண்டிருங்கள். இரண்டாம் பட்டியலில் ஒரே சொல் வரிசையாக வருகிறதா என்று பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. வழக்கமாகவே ஒரு பக்கம் பலமாகச் சாய்ந்தவருக்கு நினைவால் நிலைத்ததா, சாய்வால் நிலைத்ததா என்று பிரிக்க முடியாது. அப்படிப்பட்டவர், தனக்கு அரிதாக வரும் தோற்றம் வந்த கணத்தில் கண்ணை மூடித் தொடங்க வேண்டும். அதுவும் ஒட்டிக்கொண்டால் பாராட்டு நினைவுக்கு.

எதை எதிர்பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவர் இந்தச் சோதனைக்கு நல்ல ஆள் இல்லை. இவ்வளவும் படித்துவிட்ட நீங்களும்தான். வீட்டில் வேறு யாரையாவது உட்கார வைத்து, காரணம் சொல்லாமல் பென்சிலைக் கையில் கொடுங்கள்.